அந்த ஜோங்காவுக்கு மறுபடியும் பெயின்ட் அடிப்பதற்கு முன்

பழைய ராணுவ வண்டியை வாசலில் காட்சிக்கு வைத்திருக்கும் ஏதாவது ஒரு வளாகத்திலிருந்து, பொங்கல் முடிந்த கையோடு ஒவ்வொரு வருடமும் இப்படி ஒரு போன் வந்துவிடும். "சார், வாசல்ல நிக்கிற மிலிட்டரி வண்டிக்கு 26ஆம் தேதிக்குள்ள பெயின்ட் அடிக்கணும். நல்லா பளபளன்னு வேணும்." நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். கொடியேற்றுகிற நாளில் அந்த வண்டி துருவேறி நிற்கக் கூடாது என்ற அக்கறை அது. ஆனால் மதுரையில் டிங்கரிங் பட்டறையில் தொடங்கி இன்று பழைய ராணுவ வாகனங்களைப் பாதுகாக்கும் வேலைக்கு வந்திருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள், வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வளாகத்தில் நின்ற ஜோங்காவைச் சொல்கிறேன். ஜோங்கா என்பது நிஸான் பேட்ரோல் வண்டியின் இந்திய வடிவம். ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை ராணுவத்துக்காகச் செய்தார்கள். ஜபல்பூர் தொழிற்சாலைகளுடைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். ஏலத்தில் எடுத்த ஜோங்கா போடி மலைப்பாதையில் ஏறுவதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

நான் போனபோது வண்டி கிளிப்பச்சை எனாமலில் மின்னிக்கொண்டிருந்தது. ராணுவப் பச்சை மின்னாது. வெயில் பட்டுப் பளிச்சிட்டால் தூரத்திலிருந்தே எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் மங்கலாகத்தான் அடிப்பார்கள். போனட்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்னக் கத்தியால் சுரண்டினேன். முதலில் கிளிப்பச்சை. அதன் கீழே ரெட் ஆக்சைடு. அப்புறம் இன்னொரு பச்சை, மறுபடி ரெட் ஆக்சைடு. ஐந்தாவதாகத்தான் அந்த மங்கலான ஆலிவ் பச்சை வந்தது.

பம்பரில் அதே ஆழத்துக்கு மெதுவாக இறங்கியபோது வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற முன்னாள் ராணுவ டிரைவர் ஒருவர் பதறிவிட்டார். "தம்பி, பார்த்து, அது நம்பரு. அழிஞ்சிரப் போகுது." "அதுக்காகத்தான் இறங்குறேன், ஐயா" என்றேன். நம் ராணுவ வாகன எண் மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும். அதையடுத்த இரண்டு இலக்கம் வண்டி ராணுவத்துக்கு வந்த ஆண்டு. ஒரு மணி நேரத்தில் அம்பு வந்தது, பிறகு 7 வந்தது. அடுத்த இலக்கம் இருந்த இடத்தில் வெறும் தகடு. முன்பு எப்போதோ பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். அந்த வண்டியின் வயது பெயின்ட்டோடு போய்விட்டது.

இதனால்தான் பட்டி பூசுவதையும் எதிர்க்கிறேன். 1965 போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பின்னுதைப்பில்லாத் துப்பாக்கியால் பாகிஸ்தானின் ‘பாட்டன்’ ரக டாங்கிகளை நிறுத்தினார் நம் ராணுவ வீரர் அப்துல் ஹமீது. உயிரைக் கொடுத்த அவருக்குப் பரம வீர சக்கரம் கிடைத்தது. அந்தப் போரில் கைப்பற்றிய பாட்டன்கள் நாட்டின் பல ஊர்களில் காட்சிக்கு நிற்கின்றன. குண்டு துளைத்த ஓட்டை ஒன்று ஒரு டாங்கியில் இருந்தால் அதுதான் அதன் சாட்சி. பட்டி போட்டு அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் மிஞ்சுவது பச்சை நிற இரும்புப் பெட்டிதான்.

சரி, துரு? அதற்குக் காரணம் தண்ணீர். வயது அல்ல. அந்த ஜோங்காவின் கால்மிதியைத் தூக்கினால் வேப்பிலையும் மண்ணும் சேர்ந்து கஞ்சி மாதிரிக் கிடந்தது. தரையில் இருந்த வடிகால் துளை அடைத்திருந்தது. ஐப்பசி மழைத் தண்ணீர் தை வரை உள்ளேயே ஊறியிருக்கிறது. வெளியே பளபளப்பு, அடியில் விரல் வைத்தால் தகடு பொத்தென்று உள்ளே போகிறது.

டாங்கியும் இப்படித்தான். ஆவடியில் 1965இலிருந்து தயாரான விஜயந்தா ஏறக்குறைய 39 டன். அதன் கனமான கவசத்தைத் துரு சீக்கிரம் தின்றுவிடாது. மட்கார்டும் சாமான் பெட்டிகளும்தான் முதலில் போகும். மேலே நிமிர்த்தி வைத்த 105 மி.மீ. பீரங்கிக் குழல் வழியாகவும் மழை இறங்கும். குழந்தைகள் ஏறி விழக் கூடாதென்று மூடிகளை வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். அது சரிதான். ஆனால் அடித்தளத்து வடிகால் திருகுகளைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி. குழல் வாயை மூடுங்கள், வடிகாலைத் திறந்துவிடுங்கள், டயர் உள்ள வண்டியாக இருந்தால் ஆக்சிலுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். இதற்கு ஒரு பெயின்டிங் செலவில் பாதிகூட ஆகாது.

துருவைத் தடுக்க நாங்கள் பயன்படுத்தும் டானிக் அமிலம் நமக்குப் புதிதல்ல. கடுக்காயின் துவர்ப்பும் அந்த வகைதான். இரும்போடு சேர்ந்து கருநீலமாகி ஒட்டிக்கொள்ளும். பழைய கறுப்பு மை அப்படித்தான் செய்தார்கள். தளர்ந்த துருவை மட்டும் எடுத்துவிட்டு இதைப் பூசி, மேலே மெழுகு கொடுத்தால் பழைய எண்ணும் எழுத்தும் அப்படியே இருக்கும்.

பட்டறைத் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்து ஊதும் பழக்கத்தை விடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, 20, 30 ஆண்டு கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதனால் காய்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வண்டி என்றால் மீட்டர்களைத் திறக்கவே கூடாது. இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளிலும் எண்களிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராது. ஒளிரும் பூச்சுதான் செத்திருக்கிறது, ரேடியம் சாகவில்லை. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டு ஆகும். கண்ணாடி உடைந்திருந்தால் கையால் தொடாமல், கதிர்வீச்சை அளக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

அந்த ஜோங்காவுக்கு அந்த ஜனவரியில் நாங்கள் பெயின்ட் அடிக்கவில்லை. தரைத் தகட்டை ஒட்டி, வடிகாலைத் திறந்து, பம்பரில் அம்பும் 7ம் தெரியும்படி மெழுகு பூசி நிறுத்தினோம். கிளட்ச் பெடல் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. புது ரப்பர் போட்டுவிடலாமா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். அந்த முன்னாள் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலில் காலை வைத்துப் பார்த்தார். "எங்காளு ஒருத்தன் மிதிச்சது தம்பி, இருக்கட்டும்" என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.