ஆள்பவரைக் குறை சொல்லலாமா? 19ஆவது பிரிவு தரும் உரிமை

நாட்டின் தலைவரைக் குறை சொன்னால் வழக்கு வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்பவர்கள், குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19ஆவது பிரிவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 1966இல் ஏற்ற இந்த உடன்படிக்கை 1976இல் நடைமுறைக்கு வந்தது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை.

கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிய இந்தப் பிரிவின்படி, மனத்துக்குள் ஒரு கருத்தை வைத்திருப்பதற்கு எந்தத் தடையும் போட முடியாது. அதை வெளியே சொல்லும்போதுதான் வரம்பு என்ற பேச்சே வருகிறது. அந்த வரம்பும் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறருடைய உரிமை, நற்பெயர், நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பொது ஒழுக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் காப்பதற்காக மட்டுமே இருக்க வேண்டும். அந்தத் தடை இல்லாமல் முடியாது என்பதையும், அது தேவைக்கு மேல் போகவில்லை என்பதையும் அரசுதான் காட்ட வேண்டும். பேசியவர் அல்ல. ‘ஆட்சிக்குச் சங்கடம்’ என்பது அந்தக் காரணங்களில் இல்லவே இல்லை.

நடைமுறையில் சிக்கல் வருவது ‘நற்பெயர்’ என்ற சொல்லில்தான். பதவியில் இருப்பவர்கள் அவதூறு வழக்கோடு நுழையும் வாசல் அது. இந்த உடன்படிக்கையை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2011இல் தந்த விளக்கம் இதைப் பெருமளவு அடைக்கிறது: நாட்டின் தலைவர் உட்பட எல்லாப் பொது மனிதர்களையும் விமர்சிக்கலாம், அவமதிப்புக்கு ஆளானவர் பெரிய பதவியில் இருக்கிறார் என்பதற்காகத் தண்டனையைக் கூட்டக் கூடாது, அவதூறுக்குச் சிறை ஒருபோதும் பொருத்தமான தண்டனை ஆகாது.

உண்மைத் தகவல் வேறு, மதிப்பீடு வேறு. லிங்கென்ஸ் என்ற ஆஸ்திரியப் பத்திரிகையாளர் 1975இல் அந்நாட்டுப் பிரதமர் கிரைஸ்கியின் நடத்தை ஒழுக்கமற்றது, கண்ணியமற்றது என்று எழுதினார். எழுதியதை நிரூபிக்கவில்லை என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் அபராதம் விதித்தன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1986இல் அதைத் தவறு என்றது. அது தீர்ப்பளித்தது வேறோர் உடன்படிக்கையின் கீழ். ஆனாலும் அதன் தர்க்கம் எங்கும் பொருந்தும். நடந்ததா இல்லையா என்பதை நிரூபிக்கச் சொல்லலாம், ‘ஒழுக்கமற்றது’ என்ற மதிப்பீட்டை எப்படி நிரூபிப்பது? அரசியல்வாதி தானே விரும்பிப் பொதுவாழ்வுக்கு வந்தவர், மற்றவரைவிட அதிகம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அந்த நீதிமன்றம் சொன்னது. ஆகவே, ‘லஞ்சம் வாங்கினார்’ என்று எழுதுவதானால் ஆதாரம் கையில் இருக்கட்டும். ‘மோசமான நிர்வாகம்’ என்று எழுத உங்கள் நேர்மையான எண்ணமும் அதற்கு அடிப்படையான தகவலும் போதும்.

இன, மத வெறுப்பைக் கிளப்பி வன்முறைக்குத் தூண்டும் பேச்சுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைச் சட்டத்தால் தடுக்கும்படி 20ஆவது பிரிவே அரசுகளைப் பணிக்கிறது.

உரிமை பறிபோனால் முதலில் போக வேண்டியது உள்நாட்டு நீதிமன்றத்துக்கு. அங்கே எல்லா வழியும் அடைபட்ட பிறகு மனித உரிமைக் குழுவுக்கு எழுதலாம். அதற்கு, தனிமனிதர் குழுவிடம் முறையிட வழிதரும் துணை ஒப்பந்தமான முதல் விருப்ப நெறிமுறையிலும் உங்கள் நாடு சேர்ந்திருக்க வேண்டும். வழக்கு வரும்வரை காத்திராமல், இதை முன்னதாகவே விசாரித்து வையுங்கள்.