காட்டில் அடிக்கிற மருந்து வீட்டுக்கு வரும் வழி

பிள்ளை உண்டாகியிருக்கிற பெண் கிளினிக்குக்கு வந்தால் புகை உண்டா, மது உண்டா, குடும்பத்தில் சர்க்கரை உண்டா என்று கேட்கிறோம். வீட்டில் யார் வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்பும் கத்தரியும் போட்டிருக்கும் நம் குடும்பங்களைப் பார்க்கிற எனக்கு அந்தக் கேள்வியை விட முடியவில்லை.

ஒரு மாமியாரிடம் கேட்டேன். மருமகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை என்று அழைத்து வந்திருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவன் மருந்தடிக்கிறது காட்டுலதானே டாக்டரம்மா, இவ வீட்லதானே இருக்கா?”

விசாரித்தால் வழி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மகன் காலையில் களைக்கொல்லி அடித்துவிட்டு அதே ஓவராலோடு வீட்டுக்கு வருவார். அது குளியலறை வாளியில் கிடக்கும். மருமகள் வெறுங்கையால் கசக்கித் துவைப்பார், மூத்த பிள்ளையின் துணியோடு சேர்த்து. மருந்தடிக்கிற பம்பு பேக்கியின் (சின்ன லாரி மாதிரி வண்டி) முன்சீட்டில் வரும். பிள்ளை ஸ்கூலுக்குப் போவதும் அதே சீட்டில்தான். மீந்த மருந்து இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலில், சமையலறை ஸிங்குக்கு அடியில்.

அந்தக் கருக்கள் கலைந்தது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. கரு கலையக் காரணங்கள் பல. ஒருவர் விஷயத்தில் இந்த மருந்துதான் என்று உறுதியாகக் காட்டும் பரிசோதனை கிடையாது. ஆனால் உடம்புக்குள் போகிற வழியை அடைக்க, குற்றம் நிரூபணமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காலம்தான் இதில் பெரிய சிக்கல். கரு உருவாகி 28 நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. அதாவது மாதவிலக்கு தள்ளி இரண்டு வாரம். எட்டு வாரத்துக்குள் முக்கிய உறுப்புகளின் அடிப்படை அமைந்துவிடும். பெரும்பாலான பெண்கள் என்னிடம் வருவது அதற்குப் பிறகு. நான் கொடுக்கிற எச்சரிக்கை அப்போதே பழசு. நரம்புக்குழாய் சரியாக மூட உதவுகிற ஃபோலிக் அமிலம் என்ற சத்துக்கும் இதே சிக்கல் இருந்ததால்தான் இந்த நாட்டில் 2003 அக்டோபரிலிருந்து சோளமாவிலும் ரொட்டிமாவிலும் அதைக் கலக்கிறார்கள். நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் சுமார் 30 விழுக்காடு குறைந்தார்கள். பூச்சிமருந்துக்கு அப்படி மாவில் கலக்க ஒன்றுமில்லை. கல்யாணம் ஆன கையோடு வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். இங்கே தமிழ் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆயா, தாத்தாக்கள்தான் என்பதால் இதைத் தமிழில் எழுதுவதில் எனக்கு ஒரு லாபம்.

மகன்களுக்கும் சொல்லுங்கள். பிள்ளை இல்லையென்றால் நம் வீடுகளில் முதலில் ஸ்கேனுக்குப் போவது மருமகள். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி தயாரித்த ஆலையில், நமக்கு ஏன் பிள்ளையே பிறக்கவில்லை என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பரிசோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அதனால் பிள்ளைக்குத் திட்டமிடுகிற ஆண் மூன்று மாதம் முன்னதாகவே பம்பை இறக்கி வைப்பது நல்லது.

மலேரியாக் கொசுவுக்கு வீட்டுக்குள் தெளிக்கிற டிடிடி பற்றியும் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்கா 1996இல் அதை நிறுத்தி பைரித்திராய்டு என்ற வேறு வகைப் பூச்சிமருந்துக்கு மாறியது. அதற்கு அசையாத கொசு வந்து மலேரியா ஏறியதும் 2000இல் திரும்ப எடுத்தது. வடக்கே லிம்போபோ மாகாணத்தில் டிடிடி தெளித்த கிராமங்களில் பிறந்த ஆண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்புக் குறைபாடு அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னது. அதே மாகாணத்தில் 752 தாய்மாரைத் தொடர்ந்த வெம்பே ஆய்வு, சாது என்று நினைத்த பைரித்திராய்டின் பக்கமும் கை காட்டியது: கர்ப்பத்தில் அது அதிகம் பட்ட குழந்தைகளுக்கு ஒரு வயதில் பழகும் திறனில் மதிப்பெண் சற்றுக் குறைவு. மலேரியா உள்ள ஊரில் தெளிக்காமல் இருக்க முடியாது. கர்ப்பிணிக்கு மலேரியா அதைவிட ஆபத்து. டர்பனில் மலேரியா இல்லையே? கரப்பானுக்காகக் கைக்குழந்தை படுக்கிற அறையில் டூம் பூச்சி ஸ்பிரே அடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் பக்கத்துக் கார்னுபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தபோது, புகையால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பயந்தார்கள். பயந்ததில் தப்பில்லை. ஸிங்குக்கு அடியில் இருக்கிற பாட்டிலைக் கண்டு மட்டும் யாருக்கும் பயம் வருவதில்லை.

பிள்ளைகளை நேராகக் கொல்வது அந்தப் பாட்டிலும் எலிக்கென்று தெருவில் விற்கிற சின்னப் பொட்டலமும்தான். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் இறந்தது டெர்புஃபாஸால். வயலுக்கான மருந்து அது; வீட்டில் வைக்கவே கூடாது. 2025இல் அதைத் தடை செய்ய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தடை வந்தால் தெரு வியாபாரம் அன்றே நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. முன்பு தெருவில் விற்ற ஆல்டிகார்ப் என்ற விஷம் போன இடத்தில்தான் இது வந்து உட்கார்ந்தது.

இந்த வகை மருந்து நரம்புச் செய்தியை நிறுத்துகிற நொதியை முடக்கிவிடுகிறது. எச்சில் வழியும், வியர்க்கும், வயிற்றால் போகும், மூச்சு இரையும், தசை துடிக்கும். ஆஸ்துமா என்றோ வயிற்றுப்போக்கு என்றோ ஏமாறுவது எளிது. கண்மணியைப் பாருங்கள்: ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் ஊற்றாதீர்கள். கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டுக்கொண்டு துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விஷ உதவி எண் 0861 555 777. பாட்டிலையோ பொட்டலத்தையோ கையோடு கொண்டு வாருங்கள். லேபிளில் விஷத்தின் அளவைக் காட்டுகிற வண்ணப்பட்டை சிவப்பா மஞ்சளா என்று தெரிந்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

மற்றபடி செய்ய வேண்டியது செலவில்லாதது. ஓவராலைக் காட்டிலேயே கழற்றிப் பையில் கட்டி வரவேண்டும். அடித்தவரே கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். மருந்து அதன் சொந்த டப்பாவில், வீட்டுக்கு வெளியே, பூட்டுக்குள். பால் கொடுக்கிற அம்மா இதையெல்லாம் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பாலால் வரும் நன்மைதான் பெரிது.

அந்த மாமியார் போகும்போது கேட்டது ஒன்றுதான்: “அப்ப அவன் துணிய அவனையே துவைக்கச் சொல்லணுமா?” ஆமாம் என்றேன். மருமகள் முதல்முறையாகச் சிரித்தார்.