மூளையில் ரத்தக்கசிவு என்றால் கண்ணுக்குள்ளும் பார்க்க வேண்டும்

மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாயின் சுவர் சிறு பலூன்போல் புடைத்திருப்பதை அனூரிசம் என்கிறோம். அது வெடித்தால் மூளையைப் போர்த்தியிருக்கும் சிலந்திவலைப் படலத்துக்கு அடியில் ரத்தம் பரவும். இடி இறங்கியதுபோல் தலைவலி, வாந்தி, நினைவிழப்பு. இப்படி வரும் நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குக் கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கும். இதுவே டெர்சன் நோய்க்குறி. பிரெஞ்சுக் கண் மருத்துவர் டெர்சன் இதை விவரித்தது 1900இல். ஜெர்மனியின் லிட்டன் 1881லேயே எழுதியிருந்தும் பெயரில் அவர் இடம்பெறவில்லை.

தலையில் கசிந்த ரத்தம்தான் ஒழுகிக் கண்ணுக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல, அது விழித்திரையின் சொந்த ரத்தம். மூளையின் உறைகள் பார்வை நரம்பையும் சட்டைக்கைபோல் சுற்றிக்கொண்டு கண்விழியின் பின்புறம்வரை வருகின்றன. மூளையைச் சுற்றியுள்ள நீர் இந்த உறைக்குள்ளும் உண்டு; கண்ணருகே அதற்கு வாசல் இல்லை. மண்டைக்குள் இயல்பான அழுத்தம் சுமார் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். அனூரிசம் வெடித்ததும் அது நொடிகளில் பலமடங்கு எகிறும். அந்த அழுத்தம் நரம்புறைக்குள் பாய்ந்து உறையை உப்ப வைக்கும். விழித்திரையின் மையச் சிரை, கண்ணுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் பின்னால், இந்த உறையைக் கடந்துதான் வெளியேற வேண்டும். அங்கே அது நசுங்குகிறது. தமனி வழியே ரத்தம் வந்துகொண்டே இருக்க, வடிய வழியில்லாமல் நுண்குழாய்கள் வெடிக்கின்றன. முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே ஊசியால் செலுத்தும் எபிடியூரல் மருந்தை மிக வேகமாகச் செலுத்தியபோது, மூளையில் ரத்தமே கசியாதவர்களுக்கும் இதே பாதிப்பு வந்திருக்கிறது. குற்றவாளி திடீர் அழுத்தம் என்பதற்கு இது வலுவான சான்று.

ரத்தம் விழித்திரைக்குள்ளோ அதன் மேற்சவ்வுக்கு அடியிலோ தேங்கலாம். சவ்வைக் கிழித்து, கண்ணை நிறைத்திருக்கும் விட்ரியஸ் கூழில் கலந்தால் பார்வை அடியோடு மறையும்.

சிக்கல் என்னவென்றால், மயக்கத்தில் இருப்பவரால் கண் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. விழித்த பின் தடுமாறினால் மூளை பாதிப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். அதைவிட வருந்தத்தக்க தவறு வேறில்லை, ஏனெனில் இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய குருடு. கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து போட்டுப் பார்ப்பதே சிறந்த வழி. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளையின் நிலையை அறியக் கண்மணியின் அளவை அடிக்கடி சோதிப்பார்கள். எனவே நரம்பியல் குழுவிடம் கேட்டுக்கொண்டு, குறைந்த நேரமே வேலை செய்யும் ட்ரோபிகமைட் போட்டு, மருந்தையும் நேரத்தையும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் விரிந்த கண்மணியைப் பார்த்து அடுத்த ஷிப்டில் பதறுவார்கள். ரத்தம் மறைத்து விழித்திரை தெரியாவிட்டால் பி-ஸ்கேன் அல்ட்ராசவுண்ட் உதவும். விழித்திரை பிரிந்திருக்கிறதா என்பதும் அதில் தெரியும்.

கண்ணில் கசிவு உள்ளவர்களின் உயிருக்கு ஆபத்தும் அதிகம். 2004இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இறப்பு 43 சதவீதம்; கண் கசிவு இல்லாதவர்களில் 9. வெடிப்பின் அழுத்தம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைக் கண் காட்டிக்கொடுக்கிறது.

சிறு கசிவுகள் தானே கரையும். விட்ரியஸ் கசிவுக்குப் பொதுவாகச் சில மாதங்கள் காத்திருப்பார்கள். இரு கண்ணும் மறைத்து நடைப்பயிற்சிகூட முடியாதவர்களுக்கும், சோம்பேறிக் கண் (மறைந்த கண்ணில் பார்வை வளராமல் போவது) வரக்கூடிய சிறு குழந்தைகளுக்கும் காத்திருப்பது சரியல்ல. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிகளை நுழைத்து, ரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சும் விட்ரெக்டமி செய்வார்கள். பிறகு கண்புரையோ விழித்திரைமேல் மெல்லிய சவ்வோ வளரலாம். தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும்.