அணைத்த பின்னும் விழித்திருக்கும் சில்லு

பத்தாண்டுப் பழைமையான மடிக்கணினி ஒன்று ஒரு நாள் காலையில் விளக்கோ விசிறிச் சத்தமோ இல்லாமல் கிடந்ததாகவும், பழுதுபார்ப்பவர் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் பொருத்தியதும் அது இயங்கத் தொடங்கியதாகவும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மின்சாரமே இல்லாத கருவியில் பட்டனை அழுத்துவதால் என்ன நடந்துவிட முடியும் என்பது அவருடைய கேள்வி.

மின்விசிறியின் சுவிட்ச் மின்னோட்டத்தின் பாதையையே துண்டிக்கிறது. மடிக்கணினியின் பவர் பட்டன் அப்படி எதையும் துண்டிப்பதும் இல்லை, இணைப்பதும் இல்லை. 3.3 வோல்ட்டில் நிற்கும் மெல்லிய தடம் ஒன்றை அது தரையோடு, அதாவது சுற்றின் பூஜ்ஜிய வோல்ட் முனையோடு, தொடச் செய்கிறது, அவ்வளவுதான். அந்தத் தடத்தின் மறுமுனையில் எம்பெடட் கன்ட்ரோலர் என்னும் சிறிய சில்லு ஒன்று காத்திருக்கிறது. 1984ஆம் ஆண்டின் ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இன்டெல் 8042 என்ற சில்லு விசைப்பலகையைக் கவனித்துக்கொண்டது. மடிக்கணினிகளில் அந்தப் பணியோடு விசிறியின் வேகம், பேட்டரியின் சார்ஜ், மூடியின் நிலை, மின்சாரத்தைத் திறந்துவிடும் முறைமை ஆகிய பொறுப்புகளும் ஒரே சில்லிடம் வந்து சேர்ந்தன. அதற்கென்று தனி நிரலும் தனி நினைவகமும் உண்டு. ஆகவே அது கணினிக்குள் இருக்கும் இன்னொரு முழுக் கணினி.

பட்டன் அழுத்தப்பட்டதும் இச்சில்லின் கட்டளைப்படி மின்வழிகள் வரிசையாகத் திறக்கின்றன. சார்ஜர் தரும் ஏறத்தாழ 19 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 3.3 வோல்ட், டிடிஆர்3 நினைவகத்துக்கு 1.5 வோல்ட், செயலிக்கு ஏறத்தாழ 1 வோல்ட் என்று பிரிந்து, ஒவ்வொரு வழியும் சீராகிவிட்டது என்ற சைகை வந்த பிறகே செயலி விடுவிக்கப்படுகிறது. செயலி தன் முதல் கட்டளையை 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழேயுள்ள முகவரியிலிருந்து, அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் உள்ள பயாஸ் சில்லிலிருந்து படிக்கிறது. அதன் பிறகு நினைவகச் சோதனை, திரை, இயங்குதளம். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால் கோளாறு பெரும்பாலும் இந்தப் பிற்பாதியில் இருக்கும்; ராமைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகுவது அங்கே பலன் தரலாம். வாசகரின் கணினியோ முதல் படியைக்கூட எட்டவில்லை.

இனி, அந்தச் சில்லு எப்படித் திகைத்து நின்றுவிடுகிறது என்று பார்ப்போம். பேட்டரி வலுவிழந்த பழைய கணினியில் சார்ஜரின் பின் தளர்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஒரு கண நேரம் தொடர்பு விட்டுப்போய், சில்லுக்கு வரும் 3.3 வோல்ட் இறங்கிவிட்டு மீண்டும் ஏறுகிறது. மின்னழுத்தம் முற்றிலும் பூஜ்ஜியத்துக்குப் போயிருந்தால் தொல்லை இல்லை. திரும்ப வரும்போது சில்லு தன்னை ரீசெட் செய்துகொண்டு நிரலை முதலிலிருந்து தொடங்கும். ரீசெட் சுற்று உணராத அளவுக்கு அந்த இறக்கம் குறுகியதாக இருந்தால், உள்ளே சில பிட்டுகள் தம் மதிப்பைக் காத்துக்கொள்ள, சில மட்டும் மாறிவிடக்கூடும். ‘மின்வழியில் பிழை, எதையும் திறக்காதே’ என்று பொருள்படும் ஒரே ஒரு பிட் தவறாக 1 ஆகிவிட்டால் போதும். நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், பட்டன் அழுத்தப்படுவதும் அதற்குத் தெரியும், ஆனால் ஒவ்வொரு முறையும் அது மறுத்துவிடும். நிரல் உறைந்துபோனால் மீட்பதற்கென்று வாட்ச்டாக் என்னும் காப்பு இருந்தாலும், நிரல் ஓடிக்கொண்டிருப்பதால் அதற்கும் ஐயம் எழாது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லுகள் பலவற்றிலும் இத்தகைய நினைவு உண்டு: அளவு மீறிய அழுத்தத்தைக் கண்டு ஒருமுறை அணைந்துவிட்டால், மின்சாரம் முற்றாக நீங்கும்வரை அல்லது அணைத்துத் திறக்கும் சைகை வரும்வரை அவை பூட்டியே இருக்கும்.

பேட்டரி பொருத்தப்பட்டிருக்கும்வரை அந்த மின்சாரம் நீங்குவதே இல்லை. நாம் ‘ஷட் டவுன்’ செய்த கணினியிலும் இச்சில்லு மாதக்கணக்கில் விழித்தே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, அந்த வழியிலுள்ள மின்தேக்கிகளின் மொத்த அளவு 500 மைக்ரோஃபாரட் என்றும், ஓய்வு நிலையில் சில்லு உறிஞ்சுவது 10 மைக்ரோஆம்பியர் என்றும் கொண்டால், 3.3 வோல்ட் வடிய 165 நொடி ஆகும். பட்டனை அழுத்தும்போதோ, அதன் தடத்தை 3.3 வோல்ட்டோடு பிணைத்திருக்கும் மின்தடை வழியே மின்னூட்டம் தரைக்கு இறங்கப் புதிய பாதை கிடைக்கிறது. அந்த மின்தடை 10 கிலோஓம் என்றால், பள்ளியில் படித்த ஆர்சி நேரமாறிலி (மின்தடையையும் மின்தேக்கியின் அளவையும் பெருக்கினால் வரும் நேரம்) 5 நொடி. ஒவ்வொரு 5 நொடிக்கும் மின்னழுத்தம் 37 விழுக்காடாகக் குறையும்: 3.3 வோல்ட், 1.2, 0.45 என்று இறங்கி, 30ஆவது நொடியில் ஒரு வோல்ட்டின் நூறில் ஒரு பங்குகூட எஞ்சாது. பழுதுபார்ப்பவரின் அரை நிமிடத்துக்குள் இப்படியோர் அடுக்குக்குறிச் சார்பு ஒளிந்திருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். பாகங்களின் அளவு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால்தான் சிலர் 15 நொடி என்றும் சிலர் ஒரு நிமிடம் என்றும் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் அவரவர் கண்ட கருவிக்குச் சரியே.

இதை ‘ஸ்டாட்டிக் எடுப்பது’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. உராய்வால் சேரும் நிலைமின்னுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காரணம் தெரியாத செய்முறை மந்திரம்போலப் பரவும்போது அதனோடு ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீசரில் வைப்பது போன்ற தீங்கான யோசனைகளும் ஒட்டிக்கொள்கின்றன. குளிர்ந்த வட்டில் படியும் ஈரம், மீட்கக்கூடிய தரவையும் அழித்துவிடலாம். தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பல இப்போது இந்த வயதை எட்டியிருக்கின்றன. பொதுப்பணத்தில் இலட்சக்கணக்கில் கருவி வாங்கும் எந்த அரசும் சுற்று வரைபடங்களையும் இந்தச் சில்லின் நிரலையும் வெளியிட வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குரோம்புக் கணினிகளுக்கான இச்சில்லின் நிரலைக் கூகுள் திறந்த மூலமாகவே வெளியிட்டிருக்கிறது; ஆகவே இது நடக்காத காரியம் அன்று.

பேட்டரி உட்புறம் பொருத்தப்பட்ட மாடல்களில் அடிமூடியைத் திறந்து அதன் இணைப்பியைக் கழற்ற வேண்டும். சிலவற்றில் இதற்கென்றே அடிப்புறத்தில் ஊசித்துளை உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ நெம்பவோ கூடாது. பணிமனையில் ஒப்படைத்துவிடுவதே பாதுகாப்பு. பட்டனை விட்டபின் முதலில் சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். அப்போது இயங்கி, பேட்டரியைச் சேர்த்ததும் நின்றால் பேட்டரியைத்தான் ஐயுற வேண்டும். எதுவுமே நடக்காவிட்டால் மல்டிமீட்டரால் சார்ஜர் முனையில் 19 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். வந்தால், அடுத்துச் சோதிக்க வேண்டியது கணினியின் சார்ஜிங் துளையும் அதன் பற்றவைப்பும். கணினி இயங்கி, கடிகாரம் மட்டும் பழைய ஆண்டுக்குப் போயிருந்தால், நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை ஓட்டும் 3 வோல்ட் நாணய பேட்டரியும் தீர்ந்திருக்கிறது என்று பொருள். பல பழைய மாடல்களில் அது சிஆர்2032 வகை. விலை மிகக் குறைவு, மூடி திறந்திருக்கும்போதே மாற்றிவிடலாம்.