பாண்டு, மேளம், இன்னியம்

நாகர்கோவிலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெருவை அடைத்துப் பாட்டு வைக்கப் போகிறார்கள், நம்ம ஊர்ப் பையன்களின் பேண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டாவிடம் சொன்னேன்.

“பாண்டா? எந்தக் கோயில்ல மக்ளே திருவிழா?”

“கோயில் இல்ல பாட்டா, சும்மா ரோட்டுல. கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வச்சு.”

“அது கானமேளா இல்லியா!”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. குமரி மாவட்டத்தில் பாண்டு என்றால் சிவப்புக் கோட்டும் பொன்னிறச் சரிகையும் தொப்பியுமாக, சப்பரத்துக்கு முன்னால் நடந்தபடி வாசிக்கிறவர்கள். டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன், தோளில் சாய்த்த யூபோனியம், இடுப்பில் கட்டிய சின்ன டிரம், வயிற்றுக்கு முன்னால் தொங்கும் பெரிய டிரம், கடைசியில் ஒரு ஜால்ரா. டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தொடங்கி, கடற்கரை ஊர்களின் தேர்பவனி, கல்யாண ஊர்வலம், அடக்க ஆராதனை வரைக்கும் இந்தச் சொல் போகும். மேடையில் நின்று சினிமாப் பாட்டு பாடினால் அது கானமேளா. முதலில் திருவிதாங்கூரோடும், அப்புறம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மாவட்டம் இது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் கச்சேரி, ஆர்க்கெஸ்ட்ரா என்பதை இங்கே மலையாளப் பேருடனே கூப்பிடுகிறோம்.

முதலில் எழுத்துச் சங்கடம். ‘பேண்டு’ என்று எழுதினால் ‘பேள்’ என்ற வினையின் எச்சம் வந்து முன்னால் நிற்கும். விழா நோட்டீசில் அதைப் படித்துப் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ‘பேண்ட்’ என்றால் கால்சட்டை. ‘பாண்டு’ என்றாலோ பாண்டவர்களின் அப்பா, இல்லாவிட்டால் சித்த வைத்தியத்தில் இரத்தம் குறைந்து உடம்பு வெளுக்கும் நோய். மூன்றில் எது மேல்? ஊர் ‘பாண்டு’ என்றே சொல்கிறது. நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் இது ஒரே ஒலியில் இரண்டு சொல். கட்டுகிற வார், பட்டை என்ற பொருளில் வருவது ஒன்று. ரப்பர் பேண்டு இந்த வீட்டுப் பிள்ளை. கட்டு என்று பொருள்படும் வடமொழி ‘பந்த’வும், அதன் வழி நம்மிடம் வந்த ‘பந்தம்’ என்ற சொல்லும் இதற்குத் தூரத்து உறவு. ஆட்கள் கூட்டம் என்ற பொருளில் வருவது மற்றொன்று. அது பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேரை அடையாளம், கொடி என்ற பொருள் கொண்ட பழைய ஜெர்மானியச் சொல்லில்தான் அகராதிகள் பெரும்பாலும் காட்டுகின்றன. ஒரே கொடிக்குக் கீழே நிற்கும் படை ‘பேண்டு’ ஆயிற்று. இசைக்காரர்களுக்கு இந்தப் பெயர் வந்தது 17-ஆம் நூற்றாண்டில்தான், அதுவும் படைப்பிரிவோடு சேர்ந்து வாசித்தவர்களுக்கு. கோட்டும் தொப்பியும் வரிசை நடையும் எங்கிருந்து வந்தன என்று இனிக் கேட்க வேண்டாம். பித்தளை வாத்தியத்தை உலகம் முழுக்கத் தன் அடையாளமாக்கிய இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நாகர்கோவிலில் கால் வைத்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இங்கே ஒரு ஆசை எட்டிப்பார்க்கும். மலைபடுகடாம் கூத்தர்கள் பையில் சுமந்து போகும் கருவிகளை அடுக்கும்போது முழவு, ஆகுளி, கோடு, தூம்பு, குழல் இவற்றோடு ‘பாண்டில்’ என்று ஒன்றைச் சொல்கிறது. உருக்கித் தகடாக்கிய வெண்கலத் தாளம், நம்ம ஜால்ராவுக்குப் பாட்டன். ‘பாண்டில்தான் பாண்டு ஆனது’ என்று எழுதிவிட எனக்கே கை துறுதுறுத்தது. ஆனால் வட்டமாக இருப்பதெல்லாம் பாண்டில் என்பதால் தாளத்துக்கு அந்தப் பெயர் வந்தது. ஒலி ஒத்துப்போனது தற்செயல், அவ்வளவுதான்.

உண்மையான விஷயம் ‘மேளம்’ என்ற சொல்லில் இருக்கிறது. இன்றைக்கு மேளம் என்றதும் தோல் கட்டிய கருவிதான் கண்ணில் வரும். சொல்லின் வேர் அப்படி இல்லை. ஒன்றுசேர்தல் என்ற பொருளுள்ள வடமொழிச் சொல் அது. ‘சம்மேளன’த்தில் இருப்பதும், கானமேளாவில் இருப்பதும் அதுவே. நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழுவைப் பெரிய மேளம் என்றும், சதிர் ஆடும் குழுவைச் சின்ன மேளம் என்றும் அந்தக் காலத்தில் சொன்னார்கள். ஆட்டக்காரர் குழுவுக்கு மேளம் என்று பேர் வைத்தவர்கள் பறையையா நினைத்திருப்பார்கள்? கூட்டத்தைத்தான் நினைத்தார்கள். அந்தப் பொருள் குமரியில் இன்னும் சாகவில்லை. “கோயில் கொடைக்கு எத்தன செட் மேளம் பேசியிருக்கு?” என்று கேட்டால், இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று நையாண்டி மேளக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்குவதைத்தான் கேட்கிறார்கள். செண்டை மேளம், சிங்காரி மேளம் என்பதிலும் அப்படித்தான். (பாண்டு மேளத்தையும் பாண்டி மேளத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னது செண்டையில் ஒரு வகை; திருச்சூர்ப் பூரத்தில் இலஞ்சித்தறையில் முழங்குவது.)

ஆகவே ‘பாண்டு மேளம்’ என்று ஊர் சொல்வதைப் பிழை என்று யாரும் திருத்த வேண்டியதில்லை. அந்நியச் சொல்லைப் பக்கத்தில் வைத்து, ‘இதுவும் ஒரு கூட்டு வாசிப்பு’ என்று பொருளும் சொல்லிவிட்டார்கள்.

வடமொழி வேண்டாம் என்பவர்களுக்கு ‘இயம்’ இருக்கிறது. இயம்புதல் என்றால் ஒலித்தல், சொல்லுதல். ஒலிக்கும் கருவி இயம், வாசிக்கிறவர் இயவர். பல கருவி சேர்ந்தால் பல்லியம். போரில் புண்பட்டுக் கிடப்பவனைச் சூழ்ந்து “வாங்குமருப்பு யாழொடு பல்லியம் கறங்க” என்று புறநானூற்றில் அரிசில்கிழார் பாடுகிறார். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவரே உண்டு. காதுக்கு இனியதாகச் சேர்ந்து ஒலித்தால் இன்னியம். திருமுருகாற்றுப்படை அருவி ஓசையோடு “இன்னியம் கறங்க” என்கிறது. இது ஏட்டுச் சொல்லாக மட்டும் நின்றுவிடவில்லை. மட்டக்களப்பில் பேராசிரியர் சி. மௌனகுரு, மேற்கத்திய பாண்டு அணிக்கு மாற்றாகப் பறையும் மத்தளமும் கொண்ட அணியை அமைத்தபோது அதற்கு இன்னியம் என்றே பேர் வைத்தார்.

எல்லாரும் எழுதும் ‘இசைக்குழு’ நல்ல சொல்தான். ஆனால் அது பாடகர் குழுவுக்கும் பொருந்தும், பஜனைக்கும் பொருந்தும், வில்லுப்பாட்டுக்கும் பொருந்தும். வில்லுப்பாட்டில் கூட வலத்தே பாடுகிறவர் யார், இடத்தே பாடுகிறவர் யார் என்று தனித்தனிப் பேர் வைத்த ஊருக்கு இந்தப் பொதுச்சொல் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. என் கணக்கு இப்படி: நடந்து வாசிக்கிற பித்தளைக்காரர்கள் பாண்டாகவே இருக்கட்டும், அந்தச் சொல் அவர்களின் வியர்வையில் ஊறியது. தெருவோரத்தில் நின்று சொந்தப் பாட்டு வாசிக்கும் கிட்டார்ப் பையன்களுக்கு இன்னியம். நாலு பேர், ஆறு கருவி, ஒரே பாட்டு என்பதை அது சரியாகச் சொல்கிறது.

பையன்களில் ஒருவனிடம் சொன்னேன். அவனுக்குப் பிடித்துவிட்டது. “உள்ளூர் இன்னியங்கள் வாசிக்கும் தெருவிசை மாலை” என்று எழுதிக்கொண்டு வடசேரியில் ஒரு பிளக்ஸ் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணே, இது இன்னிங்ஸ்தானே? கிரிக்கெட்டா?”

பையன் என்னைப் பார்த்தான். அப்புறம் அடைப்புக்குறிக்குள் ‘பாண்டு’ என்று சேர்க்கச் சொன்னான்.