கொண்டை ஊசி வளைவில் டயர் என்ன செய்கிறது?

கோயம்புத்தூரில் இரண்டு வருடம் ஓட்டிய பைக்கைக் குன்னூருக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. வளைவில் சாய்த்தால் முதலில் அடம்பிடிக்கும். அப்புறம் சட்டென்று விழுவதுபோல் சாயும். டயர்க் கடை அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின் டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"பட்டன் இருக்கு தம்பி. ஆனா நடுவுல சப்பையாயிடுச்சு."

பட்டன் என்றால் டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகள். பைக் டயரின் மேற்பரப்பு வில்லாக வளைந்திருப்பது சாய்வதற்காகத்தான். நேர்ச்சாலையிலேயே ஓடினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, இரு பக்கமும் வரப்பு மாதிரி விளிம்பு நிற்கும். சாயும்போது வண்டி அந்த வரப்பில் ஏறி இறங்குகிறது. 12 மீட்டர் ஆரமுள்ள வளைவை 25 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் சாய்வு சுமார் 22 டிகிரி. வேகம் 30 என்றால் சாய்வு 30 டிகிரியைத் தொட்டுவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி உள்ள கல்லட்டிச் சாலையில் அந்த வரப்பை எத்தனை முறை தாண்ட வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.

"அகல டயர் போட்டா பிடிப்பு கூடும்ல அண்ணா?" என்றேன். சிரித்தார். எல்லோரும் கேட்பதுதான்.

டயரில் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம். பின் சக்கரம் 120 கிலோ தாங்கினால், தரையில் படும் பரப்பு ஏறக்குறைய 60 சதுர சென்டிமீட்டர். டயர் அகலமானாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம்தான் மாறும். போதாக்குறைக்கு, குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் ஓரங்கள் நெருக்கப்பட்டு டயரின் வில் வடிவமே கெட்டுவிடும். கம்பெனி சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

பிடிப்பு பிறப்பது ரப்பரில். தாரில் துருத்தும் பொடிக்கல்லைச் சுற்றி ரப்பர் அமுங்கிப் பொதிகிறது. நழுவும்போது அமுங்கி மீளும் ரப்பர் ஆற்றலை விழுங்குகிறது. பிடிப்பில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. குளிரில் ரப்பர் விறைத்துப் போனால் கல்லோடு பொதியாது. ஊட்டி அருகே தலைகுந்தாவில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் இதை உணரலாம். சிலிக்கா என்ற நுண்தூள் கலந்த ரப்பர் ஈரத்திலும் குளிரிலும் இளக்கமாக இருக்கும். மலைக்காரர்கள் காசு போட வேண்டிய இடம் இதுதான். நடுவில் கடினமும் ஓரங்களில் மென்மையுமாக இரட்டை ரப்பர் டயர்களும் கிடைக்கின்றன. தார்ச்சாலையில் டயரின் பள்ளங்களுக்கு முக்கிய வேலை தண்ணீரை வெளியேற்றுவதுதான். கரடுமுரடான பெரிய பட்டன் டயர் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் தாரில் படும் ரப்பர் குறைவு.

பழைய சரக்கா என்று பக்கவாட்டில் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் 2324 என்றிருந்தால் 2024-இன் 23ஆவது வாரம் செய்தது. புதுசு மாட்டியதும் முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள்; மேல்தோல் வழவழப்பாக இருக்கும்.

காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 28 பிஎஸ்ஐ அடித்து, 13 டிகிரி ஊட்டியில் டயர் ஆறியதும் அளந்தால் கிட்டத்தட்ட அதே 28 காட்டும். குளிரால் 3 குறைகிறது. கேஜ் காட்டுவது உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை; மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அதில் 3 ஏறுகிறது. இது தெரியாமல் ஊட்டி போனதும் இரண்டு பிஎஸ்ஐ இறக்கிக்கொண்டிருந்தேன், பல வருடம்.