"உடுப்பு எல்லாரும்தானே போடுற?"

போன சனிக்கிழமை ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். களுவாஞ்சிகுடிப் பக்கம். கட்டாரில் ஆறு வருடம் உழைத்துவிட்டுத் திரும்பியவர். ஒன்லைனில் உடுப்பு விற்க இணையத்தளம் திறந்து இரண்டு மாதமாகிறது. வீட்டு முன்னறையில் 140 குர்தி டொப் அடுக்கிக் கிடக்கிறதாம். வந்த ஓடர் 11. அதில் 7 திரும்பி வந்துவிட்டது. போன கூரியர் காசும் வந்த கூரியர் காசும் அவர் தலையில்.

"அக்கா, சைட் வடிவாத்தானே இரிக்கு? பேஸ்புக்கில காசு கட்டிப் பூஸ்ட் விளம்பரம் ஒண்டு போட்டுத் தந்தா ஓடும்தானே?"

"ஆருக்கு விக்கிறீங்க தம்பி?"

"இதென்ன கேள்வி அக்கா, உடுப்பு எல்லாரும்தானே போடுற?"

இந்த வருடத்தில் இதே பதிலை நான் கேட்டது ஐந்தாவது தடவை. மட்டக்களப்பில் சிறு வியாபாரங்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பதும் விளம்பரம் ஓட்டிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. ஆள் வந்தால்தான் எனக்கு அடுப்பு எரியும். அப்படியிருந்தும் சொல்கிறேன், யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். வேறு யாரிடமும் போகவும் வேண்டாம்.

எல்லாரும் உடுப்புப் போடுகிறார்கள், உண்மைதான். எல்லாரும் சோறும்தான் தின்கிறார்கள். அதற்காக ஊர் முழுக்க ஒரே கடையில் ஒரே கறியையா வாங்குகிறது?

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ் ஏறுங்கள். நாற்பது கிலோமீற்றர் அளவு வரும். யன்னலோரம் இருந்துகொண்டு ஆட்களின் உடுப்பை மட்டும் பாருங்கள். கல்லடியில் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள் ஜீன்ஸ், டொப். காத்தான்குடியில் அபாயா. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே கறுப்பு. போடுகிறவருக்கோ துணியின் பாரம் வேறு, கைவேலை வேறு, அது விழுகிற விதம் வேறு. ஆரையம்பதி தாண்டிப் பாடசாலை விடும் நேரமானால் சாறியை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியில் போகும் ஆசிரியைகள். மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சாறியும் ஊரின் தொழிலே. அடுத்தது பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் தீமிதிப்புக் காலமென்றால் வீதியெல்லாம் மஞ்சள். இது கடற்கரைப் பக்கமான எழுவான்கரை மட்டும். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போனால் கணக்கு மறுபடி மாறும். வெயிலுக்குள் வயலில் நிற்கிறவருக்குக் கை நீண்ட பருத்திச் சேட்டு வேண்டும், உங்கள் இணையத்தளத்தில் இருக்கும் மினுங்கல் சேட்டு அவருக்கு எதற்கு?

இவ்வளவு பேரையும் சேர்த்து, விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்று தம்பி எழுதியிருந்தது ஒரே வரி: இலங்கை முழுவதும், பெண்கள், 18 முதல் 45, விருப்பம் பஷன். பதினெட்டு வயதுப் பிள்ளையும் அவளுடைய தாயும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே உடுப்பை ஆசைப்படுவார்கள் என்று எந்த வீட்டில் கண்டாரோ தெரியாது. என் வீட்டில் இல்லை.

இதைச் சொன்னால் அடுத்து வருவது, "சரி அக்கா, அப்ப எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் வைப்பம்." இதுதான் இன்னும் பெரிய குழி. கணக்கைப் பாருங்கள். ஒரு டிசைன், மூன்று நிறம், ஐந்து சைஸ். ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று வைத்தாலும் 15 உடுப்பு. பத்து டிசைன் என்றால் 150. கையிலிருந்த காசெல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் எந்தச் சைஸிலும் இரண்டாவது கிடையாது. கேட்கிறவர் எப்போதும் தீர்ந்துபோன சைஸைத்தான் கேட்பார், இது எழுதாத சட்டம். பெரிய புடவைக்கடைக்காரர் எல்லாம் வைப்பார், அவருக்குக் களஞ்சியம் இருக்கிறது, மொத்த வியாபாரியிடம் கடன் இருக்கிறது, கல்யாணத்துக்கு உடுப்பெடுக்க என்று குடும்பத்தோடு வந்து இறங்குகிற சனம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு முன்னறை.

பேஸ்புக் லைக்கைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். லைக் போடுகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் மச்சான்மார், மீதிப்பேர் படத்தில் நிற்கும் பிள்ளைக்காகப் போட்டவர்கள். போதும்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. வெளியூர் வகுப்புகளில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். உடுப்பைப் பார்க்கிறவர், காசு கொடுக்கிறவர், போடுகிறவர் மூன்றும் பல வீடுகளில் மூன்று பேர். சுவிஸில் இருக்கும் மகள் இரவு பேஸ்புக்கில் பார்க்கிறாள். ஊரில் இருக்கும் தன் தம்பியின் கணக்குக்குக் காசு போடுகிறாள். அவன் வட்ஸ்அப்பில் ஓடர் கொடுக்கிறான். போடுவது கொக்கட்டிச்சோலையில் இருக்கும் அம்மா, அவருக்கு முழங்கால் வலி, நீளம் கூடினால் தடக்கும். இதில் உங்கள் வாடிக்கையாளர் யார்? மகளுக்கு நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும். தம்பிக்கு அலைச்சல் இருக்கக் கூடாது. அம்மாவுக்கு அளவு சரியாக இருக்க வேண்டும். ஒருவரை மறந்தாலும் பொதி திரும்பி வரும். சவூதியிலும் கட்டாரிலும் இருப்பவர்கள் பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு எடுத்து அனுப்புவதும் இதே மாதிரித்தான், அங்கே அளவு சொல்கிறவர் பெரும்பாலும் உம்மாவின் தாய், உம்மம்மா. விளம்பரத்தை இலங்கைக்குள் மட்டும் பூட்டி வைத்தால் காசு கொடுக்கிற ஆளின் கண்ணில் அது படவே படாது.

சரி, எப்படித் தேடுவது? ஆய்வு என்றதும் கூகுள் படிவம் ஒன்றை எல்லா வட்ஸ்அப் குழுவிலும் எறிந்துவிட்டு, "எங்கள் உடுப்புகள் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்கிறார்கள். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே பிடிக்காது என்று சொல்வார்களா? நூறு பேரும் "சூப்பர்" என்பார்கள், ஒருவரும் வாங்க மாட்டார்கள். பிடிக்குமா என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது உடுப்பு எடுத்தீர்கள், எங்கே, என்ன விலைக்கு, யார் காசு கொடுத்தது, எடுத்த பிறகு தையல்காரியிடம் கொண்டு போனீர்களா என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் உண்மை வரும். இருபது முப்பது பேரிடம் நேரில் கேட்டாலே ஒரே பதில்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும், அதுதான் உங்களுக்கு வேண்டியது. ஆனால் அந்த முப்பது பேரும் உங்கள் சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

தையல்காரம்மாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடையில் எடுத்த உடுப்பில் எதைப் பிரிக்கச் சொல்கிறார்கள், எங்கே துணி ஒட்டச் சொல்கிறார்கள், எந்த உடம்புக்கு எந்த அளவு போதாது என்பதெல்லாம் அவரிடம் இருக்கிறது. ஒரு பின்னேரம் அவர் கடை வாங்கில் சும்மா இருந்துவிட்டு வாருங்கள். நான் காசு கொடுத்துப் படித்த எந்தப் பாடத்திலும் அவ்வளவு இருக்கவில்லை.

பிறகு, இதே உடுப்பு விற்கும் மற்றவர்களின் பக்கங்களில் கொமன்டுகளைப் படியுங்கள். "விலை?" என்று கேட்டவர்களை விடுங்கள். "டபுள் எக்ஸ்எல் இரிக்கா", "கை முழுசா வருமா", "உள்ளுக்கு லைனிங் இரிக்கா", "கல்முனைக்கு டிலிவரி எவ்வளவு" என்று கேட்டவர்களை எழுதி வையுங்கள். பேஸ்புக்கின் விளம்பர நூலகத்தை யாரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். ஒரு கடை இப்போது என்ன விளம்பரம் ஓட்டுகிறது, எந்தத் திகதியில் தொடங்கியது என்று அதில் தெரியும். மூன்று மாதமாக நிறுத்தாமல் ஒரே விளம்பரம் ஓடினால், அனேகமாக அது காசு கொண்டு வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நட்டத்துக்கு யாரும் அவ்வளவு நாள் ஓட்ட மாட்டார்கள்.

ஒரு சொல்லை எப்போது அதிகம் தேடினார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் 100 என்று கண்டுவிட்டு நூறு பேர் தேடியிருக்கிறார்கள் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்தேன். அது எண்ணிக்கை இல்லை. நீங்கள் தெரிவுசெய்த காலத்துக்குள் தேடல் உச்சத்தில் இருந்த நேரத்துக்கு அது 100 என்று பெயர் வைக்கும், மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்ட அளவு. எந்த மாதத்தில் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்று பார்க்க மட்டும் அது உதவும்.

அப்புறம் விளம்பரம் எங்கே போக வேண்டும் என்று வட்டம் போடும் பழக்கம். வரைபடத்தில் மட்டக்களப்பு நகரத்தில் முள்ளைக் குத்தி நாற்பது கிலோமீற்றர் வட்டம் போடுகிறார்கள். பாதி கடல். மீனுக்கு விளம்பரம் போகாது, அதனால் காசு நட்டமில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் மற்றப் பாதிக்குள் யார் யார் விழுகிறார்கள் என்றாவது பார்த்தீர்களா? மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள், அம்பாறையில் 20. ஒவ்வொன்றிலும் எவ்வளவு சனம் என்பது குடிசன மதிப்பீட்டில் இருக்கிறது. 2012 கணக்கின்படி மட்டக்களப்பு மாவட்டம் முழுவதற்குமே ஐந்தேகால் லட்சம் பேர் அளவுதான். குழந்தைகளையும் ஆண்களையும் கழித்து, உங்கள் விலைக்கு வாங்கக் கூடியவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அம்பாறைக்குள் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர், சிங்களம் மட்டும் படிக்கத் தெரிந்தவர் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நீங்களோ இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

காலத்தையும் பாருங்கள். அரச சம்பளக்காரருக்கு மாதத்தின் 20ஆம் திகதிக்குப் பிறகுதான் கையில் காசு. வயல்காரருக்கு மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்த பிறகு, அடுத்தது ஆவணிப் பக்கம் சிறுபோகம். நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். 2025இல் மார்ச் 31 பெருநாள், ஏப்ரல் 14 சித்திரை வருடப்பிறப்பு, இரண்டு சனமும் ஒரே மாதத்தில் உடுப்பெடுத்தது. அதை நம்பி எல்லா வருடமும் பங்குனியில் சரக்கு இறக்கினால் மாட்டிக்கொள்வீர்கள், 2032 அளவில் பெருநாள் தைப்பொங்கலுக்குப் பக்கத்தில் போய்விடும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கடைசிச் சடங்கான திருக்குளிர்த்தி முடியும் வரை சாறிக்கு வேலை இருக்கிறது, மினி கவுணுக்கு இல்லை. கார்த்திகை, மார்கழியில் மழையும் வெள்ளமும், கூரியர் பிந்தும், தடித்த துணி காயாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் அம்மாவுக்குத் தெரியும். மடிக்கணினியைத் திறந்தவுடன் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

இனித் திட்டு. முதலில் இணையத்தளம் வேண்டாம். வட்ஸ்அப் பிஸ்னஸ் கட்டலொக்கில் இருபது உடுப்பைப் போட்டு விற்றுப் பாருங்கள், அது இலவசம். இருபதை விற்கத் தெரியாதவருக்கு 140ஐ எந்த இணையத்தளமும் விற்றுத் தராது. சைஸுக்கு எம், எல் என்று மட்டும் எழுதாதீர்கள், சீனத்து எல்லும் இந்திய எல்லும் ஒன்றில்லை. மார்பு, உடுப்பின் நீளம், கை நீளம் மூன்றையும் அங்குலத்தில் எழுதுங்கள். கையில் காசு வாங்கும் டிலிவரி என்றால் அனுப்ப முதல் ஒரு தரம் அழைத்துப் பேசுங்கள். ஓடர் குரல் பதிவாக வந்தால் முகம் சுளிக்காதீர்கள், தட்டச்சு வராதவர் காசு கொடுக்க மாட்டார் என்று யார் சொன்னது? ஆட்களிடம் வாங்கும் தொலைபேசி இலக்கத்தைப் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அது மரியாதையுமில்லை. அதோடு, மனைவியின் நகையை அடகு வைத்து முதல் சரக்கு எடுக்காதீர்கள். இதைத் திட்டாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தத் தம்பியிடம் கடைசியாக நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "திரும்பி வந்த ஏழு பேருக்கும் கோல் எடுத்துக் கேட்டீங்களா?"

"வெட்கமா இரிக்கு அக்கா."

என் தொலைபேசியில் இருந்தே எடுத்தோம். மூன்று பேர் கை கட்டை என்றார்கள். இரண்டு பேருக்குப் பொதி போனது 12ஆம் திகதி, அன்றைக்குக் கையில் காசில்லை, "சம்பளத்துக்குப் பிறகு அனுப்புங்க தம்பி" என்று இப்போதும் கேட்கிறார்கள். ஒருவர் வீட்டில் சின்னப் பிள்ளை தொலைபேசியை நோண்டிக் கொடுத்த ஓடர். ஒருவர் எடுக்கவில்லை. பிறகு திரும்பாத நான்கையும் பார்த்தோம். நான்கும் டபுள் எக்ஸ்எல், நான்கும் பருத்தி. வாங்கியவர்கள் நாற்பது தாண்டிய பெண்கள், இருவர் ஆசிரியைகள், ஒருவருக்கு மகள் லண்டனில் இருந்து காசு போட்டிருக்கிறாள். தம்பி கல்லூரிப் பிள்ளைகளை நினைத்து எடுத்த 140இல் டபுள் எக்ஸ்எல் மொத்தம் ஆறு. நான்கு போய்விட்டது.

பூஸ்ட் போட்டுக் கொடுக்கவில்லை. தம்பியைப் பக்கத்து ஊர்த் தையல்காரம்மாவிடம் அனுப்பி வைத்தேன். நேற்று இரவு தம்பியிடமிருந்து குரல் பதிவு வந்திருந்தது: "அக்கா, அவ சொல்றா, டீச்சர்மாருக்கெண்டா கை முழங்கைக்குக் கீழ வரணுமாம், சைட் வெட்டு இவ்வளவு ஏறக் கூடாதாம். இரிக்கிறதுல முப்பதை அப்பிடி மாத்தித் தாறன் எண்டு சொல்லிரிக்கா. கூலி பேசியாச்சு."